நீலச்சுடர் பிறந்த கதை

நல்லதண்ணியில் அடுப்புக்கு இரண்டு வேலை. ரொட்டி சுடுவது ஒன்று, விறைத்துப்போன உடம்பைத் தேற்றுவது மற்றது. சமவெளியில் வாழ்பவர்களுக்கு இந்த இரண்டாவது வேலை சட்டென்று பிடிபடாது. அங்கே சமையல் முடிந்ததும் அடுப்படியை விட்டு வெளியேறுவார்கள். இங்கே அந்தி சாய்ந்தால் வீடே அடுப்படிக்கு வந்துவிடும்.

மஸ்கெலியாவிலிருந்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து வரும் பாதை, சிவனொளிபாத மலையின் காலடியில் முடிகிற ஊர் இது. தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேர் வாங்கும் சரிவு. கொழுந்து நிறுத்துவிட்டு நனைந்து வரும் பெண், இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து அடுப்பருகே விரிக்கிறாள். பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காய்கிறது. கம்பளியின் ஈரம் போவது அந்த நெருப்பில்தான். நாளைக்கு எரிக்க வேண்டிய விறகின் ஈரம் போவதும் அதே நெருப்பில்தான்.

மண்ணெண்ணெயில் எரியும் பம்ப் அடுப்பின் கதையை இந்த இரண்டு வேலையையும் மனதில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். அந்த அடுப்பு 1892இல் ஸ்டொக்ஹோம் நகரில் பிறந்தது. தென் துருவம் போனது, எவரெஸ்ட் ஏறியது, தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக விடியற்காலைக் காப்பி போட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் விறகடுப்பை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுதாகும்.

நெருப்பைக் கையோடு எடுத்துப்போகும் ஆசை மனிதனுக்கு வெகு பழையது. வாடைக்காற்று வீசும் காலத்தைப் பாடிய நெடுநல்வாடையிலேயே, குளிருக்கு அஞ்சியவர்கள் தடவு என்னும் அகன்ற வாய் நெருப்புச் சட்டியை நாடுகிறார்கள். காஷ்மீரத்தில் பிரம்புக் கூடைக்குள் வைத்த மண்சட்டியில் தணலைப் போட்டு, நீண்ட அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடக்கிறார்கள். அதன் பெயர் காங்கிரி. தமிழ்நாட்டு நகரங்களில் கும்மட்டி அடுப்பு இருந்தது. இரும்பு வாளி போன்ற உடல், நடுவே சல்லடைத் தட்டு, கீழே காற்று நுழைய ஒரு வாய். வாசலில் வைத்துக் கரியைப் பற்றவைத்து, விசிறியால் வீசி, புகை அடங்கித் தணல் சிவந்த பிறகு வீட்டுக்குள் தூக்கி வருவார்கள்.

கரி அடுப்பின் ஆபத்து புகை அடங்கிய பிறகுதான் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத கார்பன் மொனொக்சைட்டு தணலிலிருந்து வந்துகொண்டே இருக்கும். கதவையும் சன்னலையும் அடைத்து, குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி குளிர்ப் பிரதேசங்களிலிருந்து இன்றும் வருகிறது. நுவரெலியாப் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் இந்த ஆசை வேறு வழியில் போனது. லண்டனில் புகழ்பெற்றிருந்த அலெக்சிஸ் சொயர் என்னும் பிரெஞ்சுச் சமையற்காரர், மேசை மேலேயே வைத்துச் சமைக்கக்கூடிய சிறிய ஸ்பிரிட் அடுப்பு ஒன்றை 1849இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1855இல் கிரிமியப் போர்க்களத்துக்கே போய், படைவீரர்களுக்காகப் பெரிய பீப்பாய் வடிவ அடுப்பை அமைத்துக் கொடுத்தார். பிரித்தானியப் படை அந்த அமைப்பை ஒரு நூற்றாண்டுக்கு மேல் கைவிடவில்லை. ஆனால் ஸ்பிரிட் விலை கூடியது, படை அடுப்பு வீட்டுக்குப் பெரியது. வீட்டுக்கு ஏற்ற மலிவான எரிபொருள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கனடாவின் ஆபிரகாம் கெஸ்னர் 1846இல் நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் எண்ணெயை வடித்துக் காட்டியிருந்தார். பிறகு நிலத்தடியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயிலிருந்தே அதை வடிக்கத் தொடங்கினார்கள். நம்முடைய மண்ணெண்ணெய் அதுதான்.

மண்ணெண்ணெயைத் திரியில் ஏற்றி எரித்தால் மஞ்சள் சுடர் வரும். அந்த மஞ்சள், எரிந்து முடியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வருவது. விளக்குக்கு அது வேண்டும், வெளிச்சமே அதுதான். அடுப்புக்கு அது தொல்லை. சட்டியின் அடி கறுக்கும், சுவர் கறுக்கும், சோற்றில் எண்ணெய் வாடை ஏறும். மண்ணெண்ணெயைத் திரவமாக எரிக்காமல் ஆவியாக்கி, போதிய காற்றோடு கலந்து எரித்தால் கரி மிஞ்சாது. அதைச் செய்வது எப்படி என்பதே கேள்வி.

விடையின் முதல் பாதியைக் கண்டவர் கார்ல் ரிச்சர்ட் நைபர்க் என்ற சுவீடன் நாட்டவர். உலோக வேலைக்கான ஊதுவிளக்கு ஒன்றை 1882இல் அவர் உருவாக்கினார். எரிபொருள் செல்லும் குழாயைச் சுடரே சூடாக்கும். சூடான குழாயில் எரிபொருள் ஆவியாகும். அந்த ஆவி துளை வழியே சீறி வந்து சுடரை வளர்க்கும். ஈயம் உருக்கவும் பழைய வர்ணம் உரிக்கவும் அது கைகொடுத்தது. ஆனால் அதன் சுடர் ஒரே திசையில் பாயும். அதன்மேல் சட்டி வைக்க முடியாது.

மறுபாதியைக் கண்டவர் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட். 1862இல் பிறந்தவர், ஸ்டொக்ஹோமில் தொழிற்சாலை மெக்கானிக். படித்த பொறியியலாளர் அல்ல, உலோகத்தோடு அன்றாடம் மல்லுக்கட்டிய கைத்தொழிலாளி என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நைபர்க்கின் தத்துவத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார். சுடரை வட்டமாக விரியச் செய்தார். கீழே பித்தளைத் தொட்டி, பக்கத்தில் காற்றடிக்கும் பம்ப், மேலே சட்டி தாங்க மூன்று கால். 1892இல் அந்த அடுப்பு உருவானது. யோகான் விக்டர் ஸ்வென்சன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கினார். விற்பனையை பி. ஏ. ஹ்யோர்த் நிறுவனம் ஏற்று உலகமெங்கும் கொண்டுபோனது. பெயர் பிரைமஸ். பின்னாளில் தொழிற்சாலை ஸ்டொக்ஹோமின் லில்லா எஸ்ஸிங்கன் என்ற சிறு தீவில் பெரிதாக எழுந்தது. அந்தத் தீவில் பிரைமஸ் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது.

பம்ப் அடுப்பைப் பற்றவைத்தவர்களுக்கு அதன் முறை கைப்பழக்கமாகியிருக்கும். தொட்டியில் முக்கால் அளவுக்கு மண்ணெண்ணெய். பர்னரைச் சுற்றியுள்ள குழிவில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்த வேண்டும். ஸ்பிரிட் எரிந்து தீரும் தறுவாயில் பர்னர் நன்றாகச் சூடேறியிருக்கும். காற்றுத் திருகை இறுக்கிப் பம்ப் அடித்தால் தொட்டிக்குள் காற்றழுத்தம் கூடி, மண்ணெண்ணெயை நடுக்குழாய் வழியே மேலே தள்ளும். சூடான பர்னரைத் தொட்டதும் அது ஆவியாகி, நிப்பிள் என்னும் முனையின் துளையால் சீறி வெளிவரும். அந்தத் துளையின் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சீறும் வேகத்தில் சுற்றியுள்ள காற்றையும் அது இழுத்துக்கொள்கிறது. மேல் தட்டில் மோதிப் பரவி, ஹோ என்ற இரைச்சலோடு நீலமாக எரிகிறது. அதன் பிறகு ஸ்பிரிட் வேண்டாம். சுடரின் சூடே அடுத்த சொட்டை ஆவியாக்கிவிடும்.

பர்னர் சூடேறுமுன் அவசரப்பட்டுப் பம்ப் அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீறிட்டு, சுடர் மஞ்சளாகி முகத்துக்கு நேரே எழும். அதனால்தான் வீடுகளில் இந்த அடுப்பைச் சிறுபிள்ளைகளிடம் விடுவதில்லை.

1892 இன்னொரு வகையிலும் இந்தக் கதைக்கு முக்கியமான ஆண்டு. அதுவரை மண்ணெண்ணெய் ஆசியாவுக்குத் தகர டின்களில் அடைத்து, பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தது. லண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல் கட்டுவித்த முரெக்ஸ் என்ற தாங்கிக் கப்பல், கருங்கடல் துறைமுகமான பாட்டூமியில் ரஷ்ய எண்ணெயை மொத்தமாக ஏற்றிக்கொண்டு, 1892 ஆகஸ்டில் சுயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. எண்ணெயை அப்படி மொத்தமாகச் சுமந்து அந்தக் கால்வாயைக் கடந்த முதல் தாங்கிக் கப்பல் அது. பின்னாளில் ஷெல் நிறுவனமாக வளர்ந்தது அந்த வணிகம்தான். ஆக, ஓர் ஆண்டுக்குள் கரி படியாத அடுப்பும் பிறந்தது, அதற்கான எண்ணெயை ஆசியாவுக்கு மலிவாகக் கொண்டுவரும் வழியும் திறந்தது. எண்ணெய் வந்த டின்னையும் ஆசிய மக்கள் வீணாக்கவில்லை. தண்ணீர் சுமக்கும் வாளியானது, கூரையின் ஓட்டையை அடைத்தது, வாய்வெட்டி மரத்தூள் அடைத்தால் அதுவே ஓர் அடுப்பும் ஆனது. மரத்தூளின் நடுவே போத்தலை நட்டு இறுக்கி, போத்தலை உருவினால் கிடைக்கும் குழியில் நெருப்பு வைப்பார்கள், மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஆலையில் செய்த பிரைமஸுக்குக் கொஞ்சமும் குறையாத புத்திசாலித்தனம் என்று இதை நான் மதிக்கிறேன்.

பிரைமஸின் புகழ் பனிப்பிரதேசத்தில்தான் ஓங்கியது. நோர்வேயின் நான்சென் 1893இல் தொடங்கிய தம் வடதுருவப் பயணத்தில் அதைக் கொண்டுபோனார். பனியை உருக்கினால்தான் குடிதண்ணீர் என்ற இடத்தில் அடுப்பே உயிர். 1897இல் சுவீடனின் ஆந்த்ரே இரண்டு தோழர்களோடு பலூனில் வடதுருவம் நோக்கிக் கிளம்பித் திரும்பாமலே போனார். 33 ஆண்டுகள் கழித்து, 1930இல், ஆர்க்டிக்கின் வெள்ளைத் தீவில் அவர்களுடைய உடல்களும் முகாமும் கண்டெடுக்கப்பட்டன. அங்கே கிடந்த பிரைமஸ் அப்போதும் வேலை செய்தது. 1911 டிசம்பரில் தென் துருவத்தை முதலில் மிதித்த அமுண்ட்சென் குழுவிடமும், 1953 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய டென்சிங், ஹிலாரியிடமும் இந்த வகை அடுப்பே இருந்தது.

குளிரில் பேர்பெற்ற இந்த அடுப்பு, குளிர் நிறைந்த நம் மலைநாட்டுக்கும் பொருந்தியிருக்க வேண்டும் அல்லவா? பயணிகளின் மலைக்கு அது பொருந்தக்கூடியதுதான். சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர். டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை பருவகாலம். நல்லதண்ணிப் பக்கத்துப் படிகளின் ஓரமெல்லாம் அப்போது தேநீர்க் கடைகள் முளைக்கும். கடைக்கு வேண்டிய சீனி, மா, எரிபொருள் அத்தனையும் மனிதர் தோளில்தான் மேலே ஏற வேண்டும். பாரம் குறைந்த, ஒதுக்கிடம் குறைவாகக் கேட்கும் எரிபொருளுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் பயணி ஓரிரவு குளிரைத் தாங்கிவிட்டு இறங்கிப்போகிறவர். லயத்துப் பெண் ஆண்டு முழுவதும் அதே குளிரில் இருப்பவள்.

தமிழ்நாட்டில் பம்ப் ஸ்டவ் நடுத்தர வீட்டின் சொத்தாக நிலைத்தது. விறகடுப்பு எரியுமுன் பால் காய்ச்ச, இரவு நேரத்தில் விருந்தாளி வந்தால் அவசரமாக உப்புமா கிண்ட அதுவே கதி. பெரிய ஊர்களில் தனியறை எடுத்துத் தங்கிய உத்தியோகக்காரர்களுக்குச் சமையலறையே அதுதான். நிப்பிள் அடைத்துக்கொண்டால் குத்துவதற்கென்று தகரப் பிடி வைத்த மெல்லிய ஸ்டவ் பின் பெட்டிக்கடைகளில் கிடைத்தது. பம்பின் தோல் வாசர் காய்ந்தால் ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் போனால், ஸ்டவ் ரிப்பேர் என்று தெருவில் கூவிவந்த ஆள்.

இந்த அடுப்பின் பெயரால் நடந்த கொடுமையையும் மறைக்கக் கூடாது. 1970களிலும் 80களிலும் இந்தியப் பத்திரிகைகளில் ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தது. அவற்றில் உண்மையான விபத்துகளும் இருந்தன. வரதட்சணைக்காக எரித்துவிட்டு அடுப்பின் மேல் பழி போட்ட கொலைகளும் இருந்தன. பெண்கள் அமைப்புகள் வீதிக்கு வந்து போராடின. 1983இல் கணவன் வீட்டார் கொடுமையைக் குற்றமாக்கும் பிரிவும், 1986இல் வரதட்சணைச் சாவு என்ற தனிப் பிரிவும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. அடுப்படியில் நடப்பது வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிய காலம் அதோடு சட்டத்தளவிலாவது முடிந்தது.

மண்ணெண்ணெய்த் தீக்காயம் இலங்கைக்கும் புதிதல்ல. இங்கே அதற்குப் பெரிய காரணம் குப்பி விளக்கு. வெற்றுப் போத்தலில் எண்ணெய் விட்டு, மூடியைத் துளைத்துத் திரி போட்ட விளக்கு. தட்டினால் கவிழும், கவிழ்ந்தால் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். தீக்காயக்காரர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, நோயாளி வந்த பிறகு மருந்திடுவது மட்டும் போதாது என்று நினைத்தார். மார்மைட் போத்தலின் குட்டையான, கனத்த உருவம் அவருக்கு வழி காட்டியது. உருளாமலிருக்கத் தட்டையான பக்கங்கள், எண்ணெய் கொட்டாமலிருக்கத் திருகு மூடி, எளிதில் உடையாத தடித்த கண்ணாடி. சுதீப என்ற அந்தப் பாதுகாப்பு விளக்கைப் பெருமளவில் செய்வித்து ஏழை வீடுகளுக்குச் சேர்த்தார். 1998இல் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. ஒரு பொருள் யார் வீட்டில், என்ன நிலையில் இருக்கப்போகிறது என்று பார்த்துவிட்டு உருவம் கொடுப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தத் தீவில் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கண்ணோடு லயத்துக்குள் போய்ப் பாருங்கள். பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு. சமையல் பின்பக்கத்துச் சாய்ப்பிலோ, இடமில்லாவிட்டால் இஸ்தோப்பின் ஒரு மூலையிலோ, காம்பராவுக்குள்ளேயோ. பழைய லயங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. அதே தோட்டத்துத் துரை பங்களாவில் வரவேற்பறைக்குக்கூடக் கணப்பு உண்டு, அதற்கு மேலே கூரையைத் தாண்டி எழும் கல் புகைபோக்கி உண்டு. குளிர் இரண்டு பேருக்கும் ஒன்று. புகையை வெளியேற்றும் வித்தையும் பங்களாவைக் கட்டிய கொத்தனுக்குத் தெரிந்தே இருந்தது.

விறகு எங்கிருந்து வருகிறது? மலைநாட்டில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டிப்போட்ட மிலாறு லயத்து அடுப்புக்கு. நிழலுக்கு நட்ட சவுக்கு மரத்தின் கிளை விழுந்தாலும் அடுப்புக்கு. வேலை முடிந்து கொழுந்து நிறுத்த பிறகு, பெண் தலையில் விறகுக் கட்டோடு மலையிறங்குகிறாள். காசு கொடுக்காததால் அது இலவசம் என்று கணக்கெழுதுகிறார்கள். அவளுடைய அந்த ஒரு மணி நேரத்தையும் கழுத்து வலியையும் எந்தச் செக்ரோல் பதிவேடும் குறிப்பதில்லை. மழைக்காலத்தில் ஈர மிலாறு எரியாமல் புகையும். ஊதாங்குழலை ஊதி ஊதிக் கண் சிவந்த தாய்மாரையும் பாட்டிமாரையும் அறியாத தோட்டத்துப் பிள்ளை யாரும் இருக்க முடியாது.

இத்தனை தொல்லைக்கும் மருந்தாக நீலச்சுடர் இருந்தும் லயத்தில் அது ஏன் விறகை விரட்டவில்லை? காசு முதல் காரணம், அதற்குப் பிறகு வருவேன். இரண்டாவது காரணத்தை அடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. நீலச்சுடர் தன் வெப்பத்தைச் சட்டியின் அடிக்குக் கொடுக்கும். எதிரே கை நீட்டி உட்கார்ந்தவருக்குக் கொடுப்பது சொற்பம். சிவந்து கனலும் தணல்தான் வெப்பத்தைக் கதிராக வீசும். அறையைச் சூடாக்க ஐரோப்பாவில் செய்த மண்ணெண்ணெய் அடுப்புகளில், சுடரின் மேல் உலோக வலையையோ சுட்ட களிமண்ணையோ வைத்து அதைச் சிவக்கச் செய்தது இதற்காகத்தான். பம்ப் அடுப்பு தேத்தண்ணியைக் கொதிக்கவைத்துவிட்டு அடங்கிவிடும். ஈரப் படங்கு ஈரமாகவே கிடக்கும். சமையலுக்கென்று மட்டும் பிறந்த அடுப்பு, இரண்டு வேலை கேட்கும் வீட்டில் ஒரு வேலையைத்தான் செய்யும். தோட்டத்துப் பெண்கள் விறகடுப்பை விடாமல் இருப்பதைப் பழமைப் பிடிப்பு என்று சொல்கிறவர்கள் ஜூலை மாதம் நல்லதண்ணியில் ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும்.

இலங்கையிலேயே பிறந்த அடுப்பு ஒன்றும் இந்தக் கதையில் உண்டு. 1980களில் விறகைச் சிக்கனப்படுத்தும் திட்டத்தின் கீழ் இலங்கை மின்சார சபையும், பொருளியல் அறிஞர் ஷூமாக்கர் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பும் சேர்ந்து அனகி என்ற மண்ணடுப்பை உருவாக்கின. ஒரே துண்டாகச் சுட்ட களிமண், இரண்டு சட்டி வைக்க இரண்டு வாய். முன்வாயில் எரியும் தீ முதல் சட்டியைச் சூடாக்கிவிட்டு, உள்வழியே போய் இரண்டாவது சட்டியையும் சூடாக்கும். மூன்று கல் அடுப்பில் நாலா பக்கமும் சிதறிப்போகும் வெப்பத்தை மண்சுவர் தடுத்து நிறுத்துவதால் விறகு மிச்சமாகும். கிராமத்துக் குயவர்களே அச்சு வைத்துச் செய்யப் பழகினார்கள், ஊர்க்கடைகளில் சாதாரண விலைக்கு விற்றது. விறகை ஒழிக்கப் பார்க்காமல், விறகை நன்றாக எரியவைக்கப் பார்த்தது அதன் சிறப்பு. நம் ஊர்ப் பெண்ணின் நிலைமையிலிருந்து பிறந்த அடுப்பு என்பதால் பிரைமஸைவிட எனக்கு இது நெருக்கமானது. ஆனால் அதற்கும் புகைபோக்கி இல்லை. புகை குறையும், போகாது.

இனி காசு. 2021இல் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அந்த ஆண்டு ஒக்டோபரில் பெரிய லிட்ரோ கேஸ் சிலிண்டர் 2,675 ரூபாய்க்கு ஏறியது. ஆண்டின் இறுதியில் நாடெங்கும் வீடுகளில் கேஸ் வெடித்த செய்திகள் மக்களைக் கலங்கடித்தன. 2022 ஏப்ரலில் அதே சிலிண்டர் 4,860 ரூபாய், ஏறக்குறைய ஐந்து நாள் கூலி. அதுவும் விடிய விடிய வரிசையில் நின்றால். கேஸ் போனால் மண்ணெண்ணெய் என்று இருந்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாயானது. ஒரு நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த கூலிக்கு மூன்று லீற்றர்கூட வராது. கொழும்பின் மாடி வீட்டுக்காரர்களே விறகடுப்பு தேடிய அந்த ஆண்டில், தோட்டத்து மக்கள் முன்னமே தெரிந்துவைத்திருந்த பாடத்தை நாடு படித்தது. விலையை நம்பி எரியும் அடுப்பு ஏழையின் அடுப்பாகாது.

மண்ணெண்ணெயின் காலமே முடிந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. 2014இல் உலக சுகாதார நிறுவனம், வீட்டுக்குள் மண்ணெண்ணெய் எரிப்பதைத் தவிர்க்குமாறே வழிகாட்டியது. நீலமாக எரிந்தாலும் நச்சுவாயு வரும். திரி அடுப்பிலும் விளக்கிலும் நுண்கரி வரும். ஒரு லீற்றர் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக அறையில் சேரும். விறகுப் புகை இன்னும் மோசம். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, சாணம், கரி போன்றவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் உயிரிழந்தார்கள் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தப் புகையை அதிகம் உண்பவர்கள் அடுப்பு முன் நிற்கும் பெண்களும், அவர்கள் மடியில் இருக்கும் குழந்தைகளும்தான்.

ஆகவே தோட்டத்து வீட்டுக்கு இப்போது எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், பிரைமஸ் போன்ற புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம் என்பேன். அனகி போல விறகை அடக்கி எரிக்கும் அடுப்பு, அதன் தலைக்கு மேல் புகைபோக்கி, விறகு நனையாமல் அடுக்க ஒரு சாய்ப்பு. அறைக்குத் தணலின் சூடு கிடைக்கும், புகை கூரைக்கு மேலே போய்விடும். தேத்தண்ணிக்கும் அவசரச் சமையலுக்கும் கேஸோ மின்சாரமோ வாங்கத் தக்க விலையில் கிடைத்தால் நல்லது. அது சம்பளத்தோடு சேர்ந்த பேச்சு.

மலையகத்தில் இப்போது லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நல்லதண்ணிக்குப் பக்கத்து நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில், முன்பே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். வீட்டுத் திட்டக் கூட்டங்களில் உட்காரும் தலைவர்களுக்கும், தொழிற்சங்கக்காரர்களுக்கும், வீடு பெறப்போகும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடத்தைக் காட்டும்போது முன்வாசலைப் பார்ப்பதற்கு முன் குசினியைப் பாருங்கள். புகைபோக்கி எங்கே என்று கேளுங்கள். அதை வரைந்திருக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.